கொல்லையில் வெள்ளரி காய்த்துத் தள்ளுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை அறுவடை முடிந்து, ஆற்றில் தண்ணீர் நின்று, வயலில் உளுந்தும் பயறும் நிற்கிற நேரத்தில் கொல்லையில் போட்ட வெள்ளரிக் கொடி பங்குனிக்கெல்லாம் காய்க்க ஆரம்பித்துவிடும். முதல் வாரம் ஆசை ஆசையாகப் பறிப்போம். அப்புறம் கூடை நிறைந்து, அடுப்படி மூலையில் காய் குவிந்து, இதை என்னதான் செய்வது என்று ஆகிவிடும். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மோட்டார் போட்டும் குடம் தூக்கியும் கோடையில் ஊற்றிய தண்ணீர்தான் அந்தக் காய்க்குள் இருக்கிறது. அதில் ஒரு காய்கூடக் குப்பைக்குப் போகக் கூடாது என்பது என் பிடிவாதம்.

கூடை கூடையாக வருகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிரித்து வையுங்கள். வெள்ளரியைப் பொறுத்தவரை பாதி வேலை அதோடு முடிந்துவிடும். விரல் நீளத்தில், பூ ஒட்டிக்கொண்டிருக்கும் பிஞ்சு ஒரு பக்கம். விதை இன்னும் கெட்டியாகாத, நகம் வைத்தால் தோல் சுலபமாகக் கீறுகிற காய் ஒரு பக்கம். தோல் தடித்து, மஞ்சள் ஏறத் தொடங்கிய முற்றல் ஒரு பக்கம். பிஞ்சைப் பச்சையாகத் தின்னலாம், உப்பிலிடலாம். காய் பச்சடிக்கும் கோசுமல்லிக்கும் வற்றலுக்கும். முற்றல் குழம்புக்கும் கூட்டுக்கும். மூன்றையும் கலந்து ஒரே கூடையில் போட்டு வைத்தால், கைக்கு வந்த முற்றலைப் பச்சடிக்கு நறுக்கிவிட்டு 'சப்பென்று இருக்கிறது' என்பீர்கள். அதற்குள் அடியில் கிடக்கும் பிஞ்சு வதங்கிப் போயிருக்கும்.

தினமும் பறித்துத்தான் ஆக வேண்டுமா? கொடியிலேயே விட்டால் கெடாதே?

கெடாது, ஆனால் முற்றும். ஒரு காயில் விதை முற்றத் தொடங்கியதும் கொடி தன் வேலை முடிந்தது என்று புதுக் காய் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஒன்றுவிட்டு ஒரு நாளாவது பறியுங்கள். கோடை வெயிலில் நேற்று விரல் அளவு இருந்தது நாளை முழங்கை அளவுக்குப் போய்விடும். காலை வெயில் ஏறுவதற்குள் பறித்தால் காய் விறைப்பாக இருக்கும். இலைக்கு அடியில் ஒளிந்திருப்பதைத் தேடிப் பாருங்கள், முற்றிப் போவதெல்லாம் அங்கே கிடப்பதுதான். இழுத்துப் பிய்க்காமல் கொஞ்சம் காம்போடு கத்தரித்து எடுங்கள். கொடியும் அசையாது, காயும் கூடுதல் நாள் தாங்கும்.

நிறைய இருக்கிறது என்பதற்காகப் பறிக்காமல் விடுகிறவர்களைப் பார்க்கிறேன். அது தப்பு. பிஞ்சாகவே பறித்துவிட்டால் எடையும் குறைவு, ருசியும் கூடுதல், கொடுத்தால் வாங்குகிறவர்களுக்கும் சந்தோஷம்.

ஃபிரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாளில் கொழகொழத்துப் போகிறதே?

வெள்ளரிக்குக் கடுங்குளிர் ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தால் தோலில் சின்னச் சின்னக் குழி விழும், அப்புறம் நீர் கோத்துக் கொழகொழக்கும். வீட்டு ஃபிரிட்ஜ் பெரும்பாலும் 4, 5 டிகிரியில்தான் ஓடுகிறது. காயைக் கழுவாமல், ஈரம் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி, காய்கறித் தட்டிலோ கதவுப் பக்கத்திலோ வையுங்கள். நாலு நாளுக்குள் எடுத்துவிடுங்கள்.

இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்றால் ஃபிரிட்ஜே வேண்டாம். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், ஈரத்துணி போர்த்திய கூடையில் வைத்தாலே போதும். வாழைத்தார் தொங்குகிற அறையில் மட்டும் வைக்காதீர்கள். பழுக்கிற வாழையும் மாம்பழமும் தக்காளியும் விடுகிற எத்திலீன் வாயு பட்டால் வெள்ளரி சீக்கிரம் மஞ்சளாகிவிடும். டெல்டாவில் வாழை இல்லாத வீடு குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சில காய் கசக்கிறது. முனையை நறுக்கித் தேய்த்தால் கசப்பு போய்விடுமா?

கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டசின் என்ற பொருள். பூசணி, சுரை, வெள்ளரிக் குடும்பம் முழுவதிலும் அது உண்டு. தண்ணீர் ஒரு நாள் பாய்ந்து மூன்று நாள் காய்ந்தால், வெயில் கொளுத்தினால், கொடி வாடினால் கூடும். காம்புப் பக்கத்திலும் தோலுக்கு அடியிலும்தான் அதிகம் தங்கும். ஆகவே காம்புப் பக்கம் ஒரு விரற்கடை நறுக்கி எறிந்து, தோலைச் சீவினால் லேசான கசப்பு போய்விடும். நறுக்கிய துண்டை வைத்துத் தேய்த்து நுரை எடுப்பது பழைய பழக்கம். ஆனால் கசப்பைக் குறைப்பது தேய்ப்பு அல்ல, அந்த முனை போவதுதான்.

நடுவில் ஒரு துண்டு கடித்துப் பார்த்து அதுவும் நாக்கில் ஏறிக் கசந்தால் துப்பிவிடுங்கள், அந்தக் காயைச் சமைக்காதீர்கள். வேகவைத்தாலும் இந்தக் கசப்பு அழியாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிர் போன சம்பவங்கள் நம் நாட்டில் உண்டு, வெள்ளரியும் அதே குடும்பம்தான். சாறு எடுக்கிறவர்கள் ஒவ்வொரு காயையும் ருசி பார்த்துவிட்டு மிக்ஸியில் போடுங்கள். ஒரு கசப்புக் காய் மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

பக்கத்தில் பாகற்கொடி இருப்பதால்தான் கசக்கிறது என்கிறார்களே?

இல்லை. பாகலும் வெள்ளரியும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஒரே பந்தலில் விடலாம். தண்ணீரை ஒழுங்காகக் கொடுத்து, கொடியடியில் வைக்கோல் மூடாக்குப் போட்டு ஈரம் காத்தால் கசப்பு குறைவதை நீங்களே பார்ப்பீர்கள்.

பச்சையாக எவ்வளவுதான் தின்பது? அலுக்காமல் தீர்க்க வழி சொல்லுங்கள்.

கோசுமல்லியில் ஆரம்பியுங்கள். ராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு செய்வதுதான், ஆனால் வருஷத்தில் ஒரு நாளுக்கு மட்டும் ஒதுக்கி வைக்கக் கூடாத பண்டம். கால் கப் பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, பொடியாக நறுக்கிய வெள்ளரி இரண்டு கப், தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்துப் பிசிறி, கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டுங்கள். எலுமிச்சையும் உப்பும் இலையில் பரிமாறும்போதுதான். பருப்பு வேக வேண்டாம், பல்லில் நறுக்கென்று கடிபட வேண்டும்.

அடுத்தது துருவல் தோசை. இரண்டு கப் பச்சரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீருக்குப் பதிலாக இரண்டு கப் வெள்ளரித் துருவலைப் போட்டே அரைத்துவிடலாம். பச்சை மிளகாய், சீரகம், உப்பு. புளிக்கவிட வேண்டாம், அரைத்த கையோடு வார்க்கலாம். ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று வரும். நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரே வேளையில் பெரிய காய் இரண்டு காணாமல் போகும். அடை மாவிலும் ரவா உப்புமாவிலும்கூடத் துருவிப் போடலாம்.

நீர்மோரில் துருவல், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டு அடித்து வைத்தால் மத்தியானத்துக்குள் சொம்பு காலி. சின்னப் பிள்ளைகளுக்கு நீளவாக்கில் கீறி மிளகாய்த்தூளும் உப்பும் தடவிக் கொடுங்கள். பேருந்து நிலையத்தில் விற்பது போல இருந்தால்தான் அவர்களுக்குப் பிடிக்கும்.

தயிர்ப் பச்சடி பரிமாறுவதற்குள் தண்ணீர் விட்டுக்கொள்கிறது. என்ன செய்வது?

வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர்தான். உப்பு பட்டால் வெளியே வந்துதான் தீரும். எனவே முன்கூட்டியே வரவைத்துவிடுங்கள். நறுக்கிய காயில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் வைத்து, உள்ளங்கையில் பிழிந்து எடுத்து, கெட்டித் தயிரில் சேருங்கள். தேங்காய், பச்சை மிளகாய், கால் ஸ்பூன் கடுகு அரைத்துக் கலந்தால் தனி ருசி. பிழிந்த நீரைக் கொட்டாதீர்கள், மோரில் ஊற்றுங்கள். உப்பு ஏற்கெனவே அதில் இருக்கிறது.

முற்றிப் போன காயை என்ன செய்வது? தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். முற்றின வெள்ளரிதான் மோர்க்குழம்புக்கு ஏற்றது. தோலைச் சீவி, விதைப் பகுதியை ஸ்பூனால் வழித்து எடுத்துவிட்டுச் சதையைப் பெரிய துண்டமாகப் போடுங்கள். வெண்பூசணி மாதிரியே வேகும், அதைவிடச் சீக்கிரம் வேகும். ஒரு ஸ்பூன் துவரம்பருப்பு, ஒரு ஸ்பூன் பச்சரிசி, ஒரு ஸ்பூன் தனியா, அரை ஸ்பூன் சீரகம் எல்லாவற்றையும் அரை மணி ஊறவைத்து, பச்சை மிளகாய், இஞ்சி, ஒரு மூடித் தேங்காயோடு மைய அரையுங்கள். மஞ்சள்தூள், உப்புப் போட்டு வெந்த துண்டங்களில் அரைத்ததைச் சேர்த்து ஒரு கொதி விட்டபின், அடுப்பைத் தணித்துப் புளித்த கெட்டி மோரை ஊற்றுங்கள். கொதிக்க விடக் கூடாது. ஓரம் நுரைத்து மேலே எழும்பும்போது இறக்கிவிட வேண்டும். தேங்காயெண்ணெயில் கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்தால் முடிந்தது.

பாசிப்பருப்புக் கூட்டு, சாம்பார், பருப்பு உசிலி எல்லாவற்றுக்கும் முற்றல் ஒத்துவரும். கூட்டுக்கு வேகவைக்கும்போது தண்ணீர் விடவே வேண்டாம், காயே விட்டுக்கொடுக்கும்.

அப்படியே கொடியில் பழுக்கவிட்டால் வெள்ளரிப்பழம் ஆகுமா?

ஆகாது. வெல்லமும் ஏலக்காயும் போட்டுச் சாப்பிடுகிற, பழுத்தால் மாவாக வெடிக்கிற வெள்ளரிப்பழம் முலாம்பழ இனத்தைச் சேர்ந்த வேறு கொடி. உங்கள் சமையல் வெள்ளரி பழுத்தால் மஞ்சளாகிப் புளிக்கும், இனிக்காது. வெள்ளரிப்பழம் பழுத்ததும் காம்பைவிட்டுத் தானாகக் கழன்றுகொள்ளும். திருக்கடையூரில் காதில் விழுகிற மிருத்யுஞ்சய மந்திரத்தில் வருகிற வெள்ளரி உவமை அந்தக் கழலுதலைப் பற்றியதுதான்.

வெள்ளரி வற்றல் போடலாமா? எங்கள் வீட்டில் போட்டால் பூசணம் பூத்துவிடுகிறது.

தாராளமாகப் போடலாம். குவிந்து கிடக்கும் காய்க்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு கிலோ காயை வற்றலாக்கினால் 100 கிராம்கூடத் தேறாது. ஐந்து கிலோ வெள்ளரி ஒரு பாட்டிலுக்குள் அடங்கிவிடும்.

நடுத்தரக் காயாக எடுங்கள். பிஞ்சு சுருங்கி ஒன்றுமில்லாமல் போகும், முற்றலில் விதை உறுத்தும். தோலோடு அரை விரற்கடை கனத்துக்கு வட்டமாக நறுக்குங்கள். மெல்லிசாக நறுக்கினால் முறத்தோடு ஒட்டிப் பிய்க்கவே வராது. ஒரு கிலோவுக்கு இரண்டு ஸ்பூன் கல்லுப்புப் போட்டுக் குலுக்கி அரை மணி வைத்து, விட்ட நீரை வடித்துவிடுங்கள். பிறகு நன்றாகப் புளித்த கெட்டி மோரில் அந்த வில்லைகளைப் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பிழியாமல் எடுத்து மொட்டை மாடியில் வெள்ளைத் துணியின்மேல் ஒன்றோடொன்று படாமல் பரப்புங்கள். சாயங்காலம் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் வற்றும்வரை மூன்று நாள் இப்படி. மோர் மிளகாய் போடுகிற அதே கணக்குதான். மோர் தீர்ந்தபின் வெறும் வெயில் மூன்று நாலு நாள். ஓரம் சுருண்டு, வெளிறி, இரண்டு விரலால் வளைத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

பூசணத்துக்குக் காரணம் பெரும்பாலும் நம் காற்று. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமெல்லாம் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வந்துவிடும், அதில் ஈரம் அதிகம். காலை எட்டு மணிக்கே பரப்பி, வெயில் தாழ்வதற்கு முன்பே உள்ளே எடுத்துவிடுங்கள். ராத்திரி மாடியில் விடாதீர்கள். இரண்டு நாள் மேகமூட்டம் என்று தெரிந்தால் அன்றைக்கு ஆரம்பிக்காமல் தள்ளிப்போடுங்கள். பங்குனிக் கடைசியும் கத்திரி வெயிலும் வற்றலுக்கு நல்ல நாள்கள். சூடு ஆறியபிறகே பாட்டிலில் போட வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை எடுத்து வெயில் காட்டினால் ஐப்பசி மழையில் வத்தக்குழம்புக்கும், தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள வறுக்கவும் கையில் இருக்கும். உப்பு அதிகம் என்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் ஊறுகாய் போடலாமா?

பச்சை வெள்ளரியில் வேண்டாம். நீர் விட்டு எண்ணெய்க்கு அடியில் தேங்கிக் கெட்டுவிடும். உடனடியாகத் தீர்க்க என்றால் மாங்காய்த் துண்டோடு கலந்து போட்டு, ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் முடித்துவிடலாம்.

வைத்துச் சாப்பிட வேண்டும் என்றால் உப்புநீர்தான் வழி. விரல் நீளப் பிஞ்சைக் கழுவி, பூ இருந்த முனையைக் கொஞ்சம் சீவிவிடுங்கள். காயை மெத்தென்று ஆக்குகிற நொதிகள் அந்த முனையில் இருக்கின்றன. இதைச் சீவாமல் போட்டுவிட்டு 'மொறுமொறுப்பே இல்லை' என்பவர்கள் பல பேர். ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீருக்கு 50 கிராம் கல்லுப்பு, வேதாரண்யத்து உப்பு கிடைத்தால் நல்லது. கல்லுப்பை ஸ்பூனால் அளந்தால் கூடக்குறைய ஆகும், எடை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பாட்டிலிலோ பீங்கான் ஜாடியிலோ பிஞ்சு, பூண்டு, கீறிய மிளகாய், கடுகு போட்டு உப்புநீர் ஊற்றி, காய் மேலே மிதக்காதபடி ஒரு சின்னக் கிண்ணத்தை வைத்து அமுக்குங்கள். மூடியை இறுக்காதீர்கள், குமிழி விட்டுக் காற்று வெளியே வர வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் மூன்று நாலு நாளிலேயே நீர் கலங்கி, இதமாகப் புளித்த வாசனை வரும். அதோடு ஃபிரிட்ஜுக்கு மாற்றினால் சில வாரம் இருக்கும். மேலே வெள்ளையாக ஏடு படிந்தால் வழித்து எறியலாம். பச்சை, கறுப்பு, சிவப்பு நிறத்தில் பூசணம் பிடித்தாலோ, காய் வழவழத்தாலோ, நாற்றம் வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

தோலும் விதையும் வீணாகிறதே?

கசப்பில்லாத தோலில் துவையல் அரைக்கலாம். நல்லெண்ணெயில் உளுந்து, மிளகாய் வறுத்து, அதிலேயே தோலை நிறம் மாறும்வரை வதக்கி, துளிப் புளியும் தேங்காயும் சேர்த்துக் கொரகொரவென்று அரைத்தால் பழைய சோற்றுக்கு ரொம்பப் பொருத்தம். முற்றலில் வழித்த விதையைக் கழுவிக் காயவைத்து, தோல் உரித்தால் உள்ளே மெல்லிய பருப்பு இருக்கும். திருவையாற்று அசோகா வீட்டில் செய்கிறவர்கள் முந்திரியோடு அதையும் நெய்யில் பொரித்துத் தூவலாம். உரிக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஃப்ரீசரில் வைக்கலாமா?

முழுதாகவோ துண்டாகவோ வைத்தால் எடுக்கும்போது துவண்டுவிடும். அரைத்து ஐஸ் அச்சில் ஊற்றி வையுங்கள், மோரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் போட்டுக்கொள்ளலாம்.

ராத்திரி சாப்பிட்டால் சளி பிடிக்குமா?

சளி பிடிப்பது கிருமியால், வெள்ளரியால் அல்ல. சிலருக்கு நிறையச் சாப்பிட்டால் வயிறு ஊதும், ஏப்பம் வரும். அவர்கள் தோலும் விதையும் நீக்கிச் சாப்பிடலாம், அல்லது பகலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அக்கம்பக்கத்தில் கொடுத்தும் மிஞ்சுகிறது. விற்க முடியுமா?

முதலில் கொடுக்கிற விதத்தைப் பாருங்கள். முழங்கை நீள முற்றலை நாலு எடுத்துப் போய் நீட்டினால் வாங்குகிறவர்களுக்கும் சங்கடம். அன்று காலை பறித்த பிஞ்சாகப் பத்து எடுத்து, 'அக்கா, பிள்ளைகளுக்குக் கொடுங்க, இப்பத்தான் பறிச்சேன்' என்று கொடுத்தால் மறுநாள் கீரையோ முருங்கைக்காயோ உங்கள் வீட்டுக்கு வரும்.

சித்திரையில் கோவில் வாசலிலும் கடைத்தெருவிலும் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். வெயிலில் நடந்து வருகிறவருக்கு மோரோடு ஒரு வெள்ளரித் துண்டு கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது நடந்தவர்களுக்குத் தெரியும். மிஞ்சிய காய்க்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று நினைக்கிறேன்.

விற்பதென்றால் தெருமுனைக் காய்கறிக் கடையில் கேளுங்கள், பிஞ்சாக இருந்தால் கூறு கட்டி விற்க எடுத்துக்கொள்வார்கள். தேர்த் திருவிழா நாளில் இன்னும் சுலபம். 1999இல் அரசு தொடங்கிய உழவர் சந்தையில் உட்கார விவசாயி அடையாள அட்டை வேண்டும். கொல்லையில் நாலு கொடி வைத்திருப்பவர்களுக்கு அது ஒத்துவராது.

ஆடு மாடுக்குப் போடலாமா?

போடலாம். நறுக்கிப் போடுங்கள், முழுசாகப் போட்டால் தொண்டையில் அடைக்கும். கசப்புக் காயை அவற்றுக்கும் போடாதீர்கள், எருக்குழியில் போடுங்கள்.

அடுத்த வருஷம் இப்படிக் குவியாமல் இருக்க?

எல்லா விதையையும் ஒரே நாளில் ஊன்றுவதால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் காய்க்கிறது. விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் காய் வந்துவிடும். மாசித் தொடக்கத்தில் இரண்டு குழி, பதினைந்து நாள் கழித்து இரண்டு குழி, பங்குனியில் இரண்டு குழி என்று பிரித்து ஊன்றுங்கள். நாலைந்து பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு நேரத்தில் நாலு கொடி காய்த்தாலே தாராளம். முதலில் வருவதெல்லாம் ஆண் பூதான், உதிர்ந்தால் பயப்பட்டு மேற்கொண்டு விதை போடாதீர்கள். அடியில் குட்டிப் பிஞ்சோடு வருவதுதான் பெண் பூ.

விதைக்கு எந்தக் காயை விடுவது?

நாட்டு ரகமாக இருந்தால் மட்டும் விதை எடுங்கள். ஒட்டு ரக விதையில் தாய்ச் செடியின் குணம் அப்படியே வராது. கசப்பில்லாமல், நன்றாகக் காய்த்த கொடியில் ஒரு காயைக் கயிறு கட்டி அடையாளம் வைத்து, ஆழ்ந்த மஞ்சளாகிற வரை விடுங்கள். காய்ப்பு ஓய்கிற சமயத்தில் விட்டால் மற்ற காய்ப்பு குறையாது. பறித்து ஒரு வாரம் நிழலில் வைத்து, விதையை வழித்து, கொஞ்சம் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டால் வழவழப்பு கழன்றுவிடும். மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் பிசிறிக் காகிதப் பொட்டலத்தில் கட்டி வையுங்கள். எந்த மாதம், எந்தக் கொடி என்று பொட்டலத்தின்மேல் எழுதிவிடுங்கள்.